வியாழக்கிழமை நான் வரவில்லை

என் வண்டியின் முன் சீட்டைப் பதினோரு வருஷம் ஆண்ட வாசுகி சிஸ்டருக்கு,

ஆறுமுகம் எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். கண்டாச்சிபுரம் என்று டிரிப் ஷீட்டில் எழுதுவதற்குள் மூன்று தப்பு விடுகிற டிரைவர் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் போனேன். அதற்குமேல் வாத்தியாரால் தாங்க முடியவில்லை.

நீ இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட நாலு வயசு சின்னவள் என்றாலும் வெள்ளைக் கோட்டு போட்டவளை 'நீ' என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. இப்போது எதிரில் நீ இல்லாத தைரியத்தில் எழுதுகிறேன். கோபம் வந்தால் வந்து திட்டு. வந்தால் போதும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் உனக்கு நினைவுக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். ஆபீசில் எல்லோரும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிப் படிக்க வேண்டுமாம். நம் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆறுமுகம், எல்லாரும் அழுதுக்கினு இருப்பாங்க. நீங்க வழக்கம்போல ஜாலியா நாலு வார்த்தை பேசிட்டு உக்காருங்க" என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

என்னிடம் ஜாலியான நாலு வார்த்தை இல்லை, சிஸ்டர். ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். உன் கடைசி வியாழக்கிழமை வருகிறேன் என்று உனக்கு நாள் சொன்னேன். வரவில்லை. உன் வீட்டுக்காரருக்கு இது தெரியாது. அவரிடம் சொல்லவேண்டும் என்று நாலு மாசமாக வாயைத் திறக்கிறேன், வேறு ஏதாவது பேசிவிட்டு மூடுகிறேன்.

நாள் சொல்லிவிட்டு வராமல் போனதெல்லாம் ஒரு குற்றமா என்று கூட்டத்துக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையை உன்னிடமே சொல்கிறேன். மற்றவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

நான் உன் வண்டிக்கு வந்தபோது இது என்ன வேலை என்றே எனக்குத் தெரியாது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். ஆஸ்பத்திரி வண்டி, சொகுசாக ஓட்டலாம் என்று வந்தேன். முதல் நாளே தெரிந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் 'இனிமே வீட்டுல வெச்சுப் பாத்துக்கோங்க' என்று சொல்லி அனுப்பிய புற்றுநோய்க்காரர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்கிற வேலை. குணமாகப் போகிறவர் ஒருத்தர்கூட நம் லிஸ்டில் கிடையாது. ஒரு மாசம் தாக்குப்பிடித்தால் பெரிசு என்று என் சம்சாரத்திடம் சொன்னேன்.

முதல் வீட்டில் நீ கேட்ட முதல் கேள்வி, "வெளிக்குப் போனீங்களா?" வாசலில் நின்ற எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. திரும்பி வரும்போது, "இன்னா சிஸ்டர், வணக்கம் சொல்றதுக்கு முன்னாடியே கக்கூஸ் பத்திக் கேக்கறீங்க" என்றேன். வலி மாத்திரை சாப்பிட்டால் வயிறு இறுகிவிடும், அந்த வேதனையில் மாத்திரையையே நிறுத்திவிடுவார்கள், பிறகு வலி வந்து கத்துவார்கள் என்று பொறுமையாகச் சொன்னாய். அதற்கப்புறம் நானே வாசலில் இருந்து, "பெரியம்மா, சிஸ்டர் வர்றாங்க, பதிலை ரெடி பண்ணிக்கோ" என்று குரல் கொடுப்பேன். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள்கூடச் சிரிப்பார்கள்.

எந்த வீட்டுக்குள்ளும் நீ மாஸ்க் போட்டுக்கொண்டு நுழைந்தது இல்லை. முதலில் முகத்தைக் காட்டி, கட்டிலிலேயே உட்கார்ந்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு, புண்ணைப் பிரிக்கும்போதுதான் போடுவாய். வலி எவ்வளவு என்று நீ கேட்டதில்லை. "வலி வந்தா எதைப் புடிச்சிக்கறீங்க?" என்று கேட்பாய். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்கிறேன் என்பார்கள். பொண்டாட்டி கையை என்பார்கள். எதையும் பிடிக்கக் கை எழவில்லை என்பார்கள். அதை வைத்தே மாத்திரையைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா என்று உனக்குத் தெரிந்துவிடும்.

கண்டாச்சிபுரத்துப் பச்சையம்மாளை எடுத்துக்கொள். மார்பில் புண் வெடித்து, நாற்றம் தாங்காமல் கட்டிலை மாட்டுக்கொட்டகையில் போட்டிருந்தார்கள். நான் வண்டியில் உட்கார்ந்து இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் மாத்திரையை வைத்து நசுக்கித் தூளாக்கித் தருவேன். அந்தத் தூளை நீ புண்ணில் தூவுவாய். மூன்றாவது தடவை போனபோது நாற்றம் குறைந்துவிட்டது. வீட்டுக்குள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைக்கலாம் என்று நீ சொன்னதும் அந்த வீட்டுக்காரன் உன்னைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கே கட்டில் வீட்டுக்குள் போனது.

அந்தப் பச்சையம்மாதான் ஒரு நாள் கேட்டாள்.

"சிஸ்டரு, எங்க அக்கா வந்துச்சு. ஆப்பிள் வெச்சுச்சு. அழுதுச்சு. அப்பறம் கமுக்கமா எழுந்து போயிருச்சு. யாருமே சொல்லிக்கினு போறதில்ல. நான் செத்துட்டனா?"

சாவு வீட்டில் 'போயிட்டு வர்றேன்' என்று நாம் சொல்லமாட்டோம். சொல்லாமல்தான் எழுந்து வருவோம். நல்லது கெட்டது தெரிந்தவர்கள் என்ற நினைப்பில், அவள் உயிரோடு இருக்கும்போதே ஊர் சனம் அப்படி எழுந்து போயிருக்கிறது. எனக்கும் உறைத்தது. நானும் பதினைந்து இருபது வீடுகளில் அப்படித்தான் எழுந்து வந்திருக்கிறேன்.

நீ பையை எடுத்து மாட்டிக்கொண்டாய். வாசல்படியில் நின்று திரும்பி, ஊருக்கே கேட்கிறமாதிரி, "பச்சையம்மா, போயிட்டு வர்றேன். திங்கக்கிழமை வர்றேன்" என்றாய். அவள் கையைத் தூக்கி, "வா, வா" என்றாள். அந்த 'வா' சொல்லும்போது அவள் முகம் இருந்த இருப்பை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது அந்தப் பழக்கம். எந்த வீட்டை விட்டுக் கிளம்பினாலும் நாள் சொல்லுவாய். சொன்னால் போய் நிற்பாய். ஒரு மழைக்காலத்தில் கெடார் பக்கம் ஏரி உடைத்துக்கொண்டு ரோட்டில் தண்ணீர் ஓடியது. வண்டி போகாது என்றேன். "வண்டி போவாது, நான் போவேன்" என்று பையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டாய். "சிஸ்டர், கீரைக்காரம்மா மாதிரியே இருக்கீங்க, இன்னா விலை?" என்று கேட்டுக்கொண்டே நானும் பின்னால் இறங்கினேன். முழங்காலுக்கு மேல் தண்ணீர். பயத்தில்தான் அந்தக் கிண்டல். உனக்கு அது தெரியும்.

நாம் அன்றைக்கு நடந்து போனது ஏழுமலையைப் பார்க்க. அவர் விஷயத்தில் நான் செய்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஏழுமலைக்குத் தொண்டையில் புற்று. நிலத்தில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, போட்டிருந்தார், அறுவடைக்கு இரண்டு மாசம் இருந்தது. வலி வந்தால் பிடித்துக்கொள்ள மாட்டுக்கயிற்றைக் கட்டிலின் தலைமாட்டில் கட்டிவைத்திருந்தார். மகன் குவைத்தில். நீ அவரிடமும் அவர் சம்சாரத்திடமும் நிலைமையைப் பக்குவமாகச் சொல்லி, மகனைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தாய். நீ சமையல்கட்டில் கஞ்சி கரைக்கக் காட்டிக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"டிரைவரே, நீ எத்தினியோ பேரைப் பாக்கற. உள்ளதைச் சொல்லு. நான் தேறுவனா?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அட, சரியாயிடும் மாமா. மல்லாட்டை புடுங்கும்போது வரப்புல நின்னுக்கினு என்னை வெரட்டுவ பாரு" என்றேன்.

அவர் நம்பிவிட்டார். ஆஸ்பத்திரிக்காரர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள், வெளி ஆள் டிரைவர் ஏன் பொய் சொல்கிறான் என்று நினைத்திருக்கிறார். மகனுக்கு போன் போட்டு, இப்போது வரவேண்டாம், அறுவடைக்கு வா என்று சொல்லிவிட்டார். பதினெட்டாம் நாள் போய்விட்டார். எரித்த மறுநாள்தான் மகன் வந்து இறங்கினான். நாம் துக்கம் கேட்கப் போனபோது அவன் கேட்டது ஒன்றுதான். "அந்த டிரைவர் யாருங்க?"

அடிப்பான் என்று நினைத்தேன். அவன் அடிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து வைத்துக்கொண்டான். அவ்வளவுதான்.

அன்றைக்கு உன்னைத் திண்டிவனத்தில் இறக்கிவிட வேண்டியிருந்தது. விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் லாரிகளுக்கு நடுவில் நிற்கும்போது சொன்னாய்.

"அண்ணே, இனிமே அந்த வார்த்தை இந்த வண்டியில ஏறக்கூடாது."

"எந்த வார்த்தை சிஸ்டர்?"

"சரியாயிடும்."

"அப்ப அவங்க கேட்டா இன்னாதான் சொல்றது? சும்மா குந்திக்கினு இருக்க முடியுமா?"

"வர்றேன்னு சொல்லுங்க. என்னைக்குன்னு நாள் சொல்லுங்க. அது ஒண்ணுதான் நம்ம கையில இருக்கு. சொன்னா வரணும்."

அவ்வளவுதான் நீ எனக்குப் போட்ட சட்டம். அதற்குப் பிறகு ஏழு வருஷம் அதை நான் மீறவில்லை. செத்துப்போகிறவர்கள் கேட்கும்போதெல்லாம் வாயை இறுக்கிக்கொண்டு, "செவ்வாக்கிழமை வர்றோம், அதுக்குள்ள என்னைப் பத்தி நாலு திட்டு யோசிச்சு வை" என்பேன். யோசித்தும் வைப்பார்கள்.

சரி. இப்போது உன் கதைக்கு வருகிறேன். இங்கே எழுத்து கோணலாகப் போனால் அது எப்போதும் போகிற கோணல் இல்லை.

போன வருஷம் உன் வயிறு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்து நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "சிஸ்டர், என் தொப்பை இருபது வருஷம் புரோட்டா தின்னு வளத்தது. நீங்க ஆறு மாசத்துல எட்டிப் புடிச்சிட்டீங்களே, இன்னா மருந்து?" என்றேன். "உங்ககூட சேந்த சேர்க்கை அண்ணே" என்று நீயும் சிரித்தாய். ஒரு மாசம் அந்த ஜோக்கை ஓட்டினேன். டீக்கடையில் உனக்கு வடை வாங்கித் தராமல், "தொப்பைக்குத் தொப்பை போட்டி வேணாம்" என்று சொல்லி இரண்டையும் நானே தின்றேன். உனக்கு அப்போதே பசி இல்லாமல் இருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. பதினோரு வருஷம் உன்னோடு சுற்றினவன், எத்தனை வயிறு பார்த்தவன், உன் வயிற்றைக் கவனிக்கவில்லை.

ஒரு நாள் காலையில் கெடார் ரோட்டில், "அண்ணே, வண்டிய ஓரமா நிறுத்துங்க" என்றாய். வாந்தி என்று நினைத்து தண்ணீர் பாட்டிலை எடுத்தேன்.

"இது தொப்பை இல்ல அண்ணே. தண்ணி. கர்ப்பப்பை பக்கத்துல கட்டி. ஸ்கேன் பாத்தாச்சு, வயிறு முழுக்கப் பரவிடுச்சு. நம்ம பேஷண்ட் மாதிரிதான்."

ஓரமாக நின்ற வண்டியில் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. நீ கண்ணாடியில் பார்த்து முந்தானையைச் சரி செய்துகொண்டு, "போலாம். காத்துக்கினு இருப்பாங்க" என்றாய். அன்றைக்கு மூன்று வீடு பார்த்தாய். மூன்று வீட்டிலும் நாள் சொன்னாய். நான் வெளியே வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு யாரையும் கிண்டல் பண்ணவில்லை.

புதுச்சேரிக்கு எத்தனை தடவை உன்னை ஓட்டிக்கொண்டு போனேன், வயிற்றில் தண்ணீர் எடுக்க. பள்ளம் மேடு வந்தால் நீ கண்ணை மூடிக்கொள்வாய். பிறகு அதுவும் நின்றது. திண்டிவனத்தில் உன் வீட்டிலேயே, முன் ரூமில், ஜன்னல் ஓரத்தில் கட்டில் போட்டார்கள். உன் இடத்துக்கு வந்த வேறொரு சிஸ்டர் செவ்வாய்க்கிழமை தோறும் உன்னைப் பார்க்க வந்தார். வண்டி ஓட்டிக்கொண்டு நானும் வந்தேன். நம் லிஸ்டில் சேர்ந்த உன் பெயரை நான் டிரிப் ஷீட்டில் எழுத வேண்டியிருந்தது. வாசுகி, திண்டிவனம். தப்பே விடாமல் எழுதினேன்.

அந்தக் கடைசி செவ்வாய்க்கிழமை. அந்த சிஸ்டர் உன் வீட்டுக்காரரைச் சமையல்கட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய், நாக்கு வறண்டால் துணியை நனைத்து எப்படித் துடைக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார். ரூமில் நீயும் நானும்தான். உன் கை, போர்வையின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. எதைப் பிடித்துக்கொள்கிறாய் என்பதை நான் பார்த்தேன். கேட்கவில்லை.

நீதான் பேசினாய். மூச்சுக்கு ஒரு வார்த்தையாக.

"அண்ணே. சரியாயிடும்னு சொல்லுங்க."

நான் சிரித்தேன். எனக்கு வேறு என்ன தெரியும்? "சிஸ்டர், அந்த வார்த்தைய வண்டியில ஏத்தக்கூடாதுன்னு சட்டம் போட்டதே நீங்கதான்" என்றேன்.

"இது வண்டி இல்ல. வீடு. ஒரு வாட்டி சொல்லுங்க."

"சிஸ்டர்..."

"எல்லாரும் என்கிட்ட உண்மைதான் பேசறாங்க. நர்சுன்னு. எனக்கு எல்லாம் தெரியும்னு. ஒருத்தரும் அந்த வார்த்தைய சொல்ல மாட்டேங்கறாங்க."

அந்த வார்த்தை என் வாய் வரைக்கும் வந்தது. அதோடு ஏழுமலையின் மகன் முகமும் கண்ணெதிரில் வந்து நின்றது. சொன்னால் நீ போட்ட சட்டத்தை உன் முகத்துக்கு நேராகவே உடைக்கிறேன். சொல்லாவிட்டால் நீ கேட்ட ஒன்றே ஒன்றை இல்லை என்கிறேன். சமையல்கட்டில் இருந்து அவர்கள் வரும் சத்தம் கேட்டது. நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னை நீயே காப்பாற்றிவிட்டாய்.

"சரி, இன்னிக்கு வேணாம். யோசிச்சிட்டுத் தனியா வந்து சொல்லுங்க. என்னைக்கு வர்றீங்க?"

"வியாழக்கிழமை வர்றேன் சிஸ்டர்."

"நாள் சொல்லிட்டீங்க" என்றாய்.

வியாழக்கிழமை காலையில் நான் வந்தேன், சிஸ்டர். இதை உன்னிடமாவது சொல்லிக்கொள்கிறேன். வண்டிக்குக் காற்றுப் பிடிக்கப் போகிறேன் என்று ஆபீசில் சொல்லிவிட்டு, விழுப்புரத்தில் கிளம்பி, டோல்கேட் தாண்டி, திண்டிவனம் வந்து, உன் தெருமுனை டீக்கடை வரைக்கும் வந்தேன். அங்கே இருந்து பார்த்தால் உன் வீட்டு ஜன்னல் தெரியும். ஜன்னல் திறந்திருந்தது. ஒரு டீ சொன்னேன். குடிக்கவில்லை. இன்னொன்று சொன்னேன். சொல்லலாமா, வேண்டாமா. உள்ளே போய் ஏதாவது கிண்டல் பண்ணிச் சமாளிக்கலாமா. எத்தனையோ சாகிறவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பீடி குடித்தவன் நான், ஐம்பது அடி நடக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன். நாளைக்கு வரலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் நீ போய்விட்டாய்.

உன் வீட்டுக்காரர் குணசேகரன் சார் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். ஆறடி உயரம், கழுத்தில் விசில். அவர் விசில் ஊதினால் தெரு நாய்கூட லைனில் நிற்கும் என்று நான் சொல்லி நீ சிரித்திருக்கிறாய். உன் கருமாதி முடிந்த அன்று அந்த மனுஷன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, வியாழக்கிழமை காலையில இருந்து ஒரே கேள்வி. வியாழக்கிழமை ஆச்சா, வியாழக்கிழமை ஆச்சான்னு. ஆச்சும்மான்னு சொன்னா வாசலையே பாக்கறா. வெள்ளிக்கிழமை விடிஞ்சும் அதையே கேட்டா. எனக்கு மனசு கேக்கல. இன்னும் ஆவல, நாளைக்குத்தான்னு சொல்லிட்டேன். லேசா சிரிச்ச மாதிரி இருந்துச்சு. உங்ககூடதான் இத்தினி வருஷம் சுத்தினா. வியாழக்கிழமை அவளுக்கு ஏதாச்சும் விரதமா? குரு பகவானுக்கு வேண்டிக்கினாளா?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சார், அது குருவுக்கு இல்லை, எனக்கு. நான்தான் அவளை வாசலைப் பார்க்க வைத்தேன். வாயைத் திறந்தேன்.

"ஆமா சார்" என்றேன்.

சிஸ்டர், எப்பேர்ப்பட்ட பொய்யை எப்பேர்ப்பட்ட இடத்தில் வைத்தேன் பார். கோயில் பக்கமே போகாத மனுஷன் அன்றையில் இருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருக்கிறார். மஞ்சள் துணி, கொண்டைக்கடலை மாலை வாங்கிக்கொண்டு குரு சன்னதியில் போய் நிற்கிறார். நீ முடிக்காமல் விட்ட வேண்டுதலை அவர் முடிக்கிறாராம். அந்தக் கடலையைச் சுண்டல் பண்ணி டப்பாவில் போட்டு எனக்கும் கொண்டுவந்து கொடுக்கிறார். "அவ உங்களை அண்ணன்னு சொல்லுவா, நீங்க சாப்பிட்டா அவ சாப்பிட்ட மாதிரி" என்கிறார். அதை நான் தின்கிறேன். அவர் எதிரிலேயே நின்று, கடைசிக் கடலை வரைக்கும் தின்கிறேன். குரு பகவான் என்னை என்ன செய்யலாம் என்று இந்நேரம் யோசித்து முடித்திருப்பார்.

அவருக்குச் சுகர் இருக்கிறது. என்ன மாத்திரை, எந்த நேரம் என்று நீதான் பார்த்துக் கொடுப்பாய். போன வியாழக்கிழமை வெறும் வயிற்றோடு வெயிலில் நின்று, பள்ளிக்கூட மைதானத்திலேயே மயங்கி விழுந்துவிட்டார். நெற்றியில் நாலு தையல். பார்க்கப் போனேன். "விரதத்தை விட்டுடுங்க சார்" என்று கெஞ்சினேன். "அவ கடைசியா கேட்டது அது ஒண்ணுதான் அண்ணே. அதை எப்படி விடுவேன்?" என்கிறார்.

எப்படி விடுவார்? நான் சொன்னால்தான் விடுவார்.

சொன்னால் என்ன ஆகும்? நீ கடவுளைக் கேட்கவில்லை, ஒரு டிரைவரைக் கேட்டாய், அவன் வரவில்லை என்று தெரிந்தால் அந்த மனுஷனுக்கு மிச்சம் என்ன இருக்கும்? வெள்ளிக்கிழமை அவர் 'நாளைக்கு' என்று சொன்னது ஆறுதல் இல்லை, என் பொய்க்கு அவர் கொடுத்த வாய்தா என்று தெரிந்தால்? சொல்லாமல் விட்டால் இன்னொரு வியாழக்கிழமை வரும். இந்தத் தடவை நெற்றியோடு போகுமா?

ஒன்று கேட்கிறேன். அவர் 'நாளைக்கு' என்று சொன்னதை நீ நம்பினாயா? நம்பியிருந்தால், நான் ஏமாற்றினேன் என்று தெரியாமலேயே போயிருக்கிறாய். நம்பவில்லை என்றால், எல்லாம் தெரிந்துதான் சிரித்தாயா? நாள் கணக்குத் தப்பாதவள் நீ. இதை நினைத்து இரண்டு தடவை வண்டியை ஓரம் கட்டியிருக்கிறேன்.

இன்னொன்றும் புரியவில்லை. அந்த வார்த்தை பொய் என்று என்னைவிட உனக்குத்தானே தெரியும். பிறகு எதற்கு அதைக் கேட்டாய்? நான் சொல்லியிருந்தால் உனக்கு ஆறுதலாக இருந்திருக்குமா, இல்லை, நீயும் இப்படித்தானா என்று என்னைப் பார்த்திருப்பாயா? பதில் தெரியாததால்தான் நான் வரவில்லை. இப்போதும் தெரியவில்லை. பதில் தெரியாமலேயே வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்பது மட்டும் இப்போது தெரிகிறது. நீ அத்தனை வீட்டிலும் அதைத்தானே செய்தாய்? உன்னிடம் மட்டும் எல்லாவற்றுக்கும் பதில் இருந்ததா என்ன?

ஊர் சேதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கெடார் ரோடு போட்டுவிட்டார்கள், பள்ளம் இல்லை. நீ போனபிறகு போட்டு என்ன பிரயோசனம் என்று கண்டிராக்டர்காரனை நாலு நாள் திட்டினேன். உன் இடத்துக்கு வந்த அந்த சிஸ்டர் நல்ல மாதிரி, பேச்சுத்தான் குறைச்சல். என் ஜோக்குக்குச் சிரிப்பதில்லை. ஜோக் முன்னே மாதிரி இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம். நான் எந்த வீட்டிலும் நாள் சொல்வதில்லை இப்போது. அந்த சிஸ்டர் சொல்கிறார். நான் வண்டியில் உட்கார்ந்துகொள்கிறேன்.

டாக்டரம்மாவுக்கு இந்தக் காகிதத்தைக் காட்டவில்லை. காட்டினால், "இதை எல்லாம் எதுக்கு ஆறுமுகம் கூட்டத்துல" என்று வாங்கி வைத்துக்கொள்வார். குணசேகரன் சாரை முன்கூட்டியே தனியாகப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை அவர் வீட்டுக்குப் போனேன். மூன்று தடவையும் சுகர் மாத்திரை சாப்பிட்டீங்களா சார் என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். தனியாக இருந்தால் நான் தப்பித்து ஓடிவிடுவேன், சிஸ்டர். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் நூறு பேர் முன்னால், நடுவில் நிறுத்த முடியாத மாதிரி, காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு படிக்கப் போகிறேன்.

சார், இப்போது நீங்கள் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பீர்கள். நெற்றியில் தையல் போட்ட இடம் இன்னும் ஆறியிருக்காது. உங்கள் சம்சாரம் எந்த விரதமும் இருக்கவில்லை. அவள் பார்த்த வாசலில் வந்து நின்றிருக்க வேண்டியவன் நான். நான் தெருமுனையில் உட்கார்ந்து டீயை ஆறவைத்துக்கொண்டிருந்தேன். உங்களிடம் ஆமாம் என்று சொன்னதும் பொய். வருகிற வியாழக்கிழமை காலையில் நீங்கள் சாப்பிட வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

வாசுகி, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இதைப் படித்து முடித்ததும் காகிதத்தை மடித்துப் பையில் வைப்பேன். வாயில் என்ன கிண்டல் வந்தாலும் விழுங்கிவிடுவேன். அவர் எழுந்து வந்து அடித்தாலும் சரி, காறித் துப்பினாலும் சரி, ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து வெளியே போனாலும் சரி, அவர் என்னைப் போகச் சொல்லும்வரை அந்த இடத்தைவிட்டு ஓரடி நகரமாட்டேன்.

இப்படிக்கு,
நீ வாசலைப் பார்த்திருந்தும் வந்து சேராத உன் அண்ணன்,
வண்டிக்கார ஆறுமுகம்,
விழுப்புரம்.